ஒற்றைச்செவி மண்டபத்து அரசன்

மழை கேட்ட நேரத்தில் பெய்து, போதும் என்றதும் ஓய்ந்துவிடுகிற ஒரு காலம் இருந்ததாம். நம் பாட்டன் பூட்டன் யாருமே பிறக்காத காலம். அந்தக் காலத்தில் கொன்றைநாடு என்று ஒரு நாடு. அதை ஆண்டவன் ஆழிமாறன் என்கிற அரசன். வயது நாற்பத்திரண்டு. முறுக்கிவிட்ட மீசை, கணீரென்ற குரல், கொட்டிலில் இருக்கிற யானைகளைக்கூட ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற நல்ல மனசு. அவனிடம் குறை சொல்ல ஒன்றும் இல்லை. குறை இருந்ததெல்லாம் அந்த நாட்டு வழக்கத்தில்தான்.

அது என்ன வழக்கம் என்று கேளுங்கள். கொன்றைநாட்டில் நல்ல செய்தி வந்தால் முரசு கொட்டி ஊருக்கே சொல்வார்கள். கெட்ட செய்தி வந்தாலோ, அரசன் ஒருவன் காதில்தான் போட வேண்டும். அதற்கென்றே அரண்மனையில் சின்னதாக ஒரு மண்டபம். ஒற்றைச்செவி மண்டபம் என்று பெயர். சாளரம் கிடையாது. ஒரே கதவு, உள்ளே ஒரே சிம்மாசனம். செய்தி கொண்டுவந்தவர் உள்ளே போவார், அரசன் காதோடு சொல்வார், வெளியே வந்துவிடுவார். அதற்கப்புறம் அதைப் பற்றி மூச்சுவிடக் கூடாது. விட்டால் நாடு கடத்திவிடுவார்கள். குடிமக்கள் கவலையில்லாமல் தூங்கட்டும் என்று எந்தக் காலத்திலோ ஒரு நல்ல ராஜா போட்ட சட்டம். நல்லவர்கள் போடும் சட்டம் சில சமயம் இப்படி யாராவது ஒருத்தன் தலையில்தான் வந்து விடியும்.

ஆழிமாறன் பதினைந்து வருடம் அந்த மண்டபத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் தனியாகவே கேட்டான். கேட்டதை எல்லாம் உள்ளேயே வைத்துப் பூட்டிக்கொண்டான். கடைசியில் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை. அப்படி அவன் வாடிப்போயிருந்த சமயம் பார்த்துத்தான் தூமகேசன் என்கிற மாயாவி வந்து சேர்ந்தான். தொண்டுக் கிழவன். இடுப்புவரை வெள்ளைத் தாடி, ஊன்றிக்கொள்ள ஒரு தடி. மடியிலிருந்து வெள்ளி அரைஞாண் ஒன்றை எடுத்து நீட்டினான். குழந்தைகளுக்குக் கட்டுகிற மாதிரியே நான்கு குட்டி மணிகள் கோத்தது.

"இதை இடுப்பில் கட்டிக்கொள், அரசே. இனி எந்தச் செய்தியும் உன்னை அழுத்தாது" என்றான்.

அரசன் கட்டிக்கொண்டான். களைத்துப்போனவன் யார் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வான், அவனைத் திட்டாதீர்கள்.

முதல் செய்தி வந்தது. எல்லைக்கோட்டை பகைவர் கையில் போய்விட்டது. அரசன் கேட்டான். கிணிங் என்று ஒரு மணி உதிர்ந்தது. உடனே அவன் இருபது வயதுப் பையனாகிவிட்டான். மீசை அப்படியேதான் இருந்தது, உடம்பும் அப்படியேதான் இருந்தது. உள்ளே இருக்கிற ஆள் மட்டும் இருபது. குதிரையைத் தட்டிவிட்டுக்கொண்டு ஊர் சுற்றினான், யாராவது ஒரு சொல் சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

இரண்டாவது செய்தி வந்தது. கடல் கடந்து போன தம்பி வேள்மாறனின் கப்பல் மூழ்கிவிட்டது. கிணிங் என்று இன்னொரு மணி. அரசனுக்குப் பத்து வயது. மாமரத்தில் ஏறினான், அடுக்களையில் வெல்லம் திருடினான், யானைப்பாகன் தலைப்பாகையை ஒளித்துவைத்தான்.

மூன்றாவது செய்தி வந்தது. தென்சீமை மாடுகளுக்குக் கொள்ளை நோய். கிணிங். இந்தத் தடவை அரசனுக்கு ஐந்து வயது. சிம்மாசனத்துக்கு அடியில் போய் உட்கார்ந்து, கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டவன்தான், வெளியே வரவே இல்லை.

தளபதி வந்து அதட்டிப் பார்த்தார். இன்னும் உள்ளே நகர்ந்துகொண்டான். அடுக்களைத் தலைவி உலகாத்தாள் அதிரசத்தைக் காட்டிக் கூப்பிட்டாள். கையை மட்டும் நீட்டி வாங்கிக்கொண்டான், ஆள் வரவில்லை. மகாமந்திரி குணபத்திரர் தினமும் கதவருகே நின்று, "எல்லாம் நலம், எல்லாம் நலம்" என்று பொய் சொன்னார். ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பொய் தெரியாதா? காதைப் பொத்திக்கொண்டான். வேறு வழியில்லாமல், அரசர் நோன்பில் இருக்கிறார் என்று ஊருக்கு முரசடித்துச் சொல்லிவிட்டார் மந்திரி.

அரண்மனை விருந்தினனாகத் தங்கிவிட்ட தூமகேசனுக்கோ ஒரு மணி உதிர உதிரத் தாடி கறுத்துக்கொண்டே வந்தது. இப்போது பார்த்தால் முப்பது வயது இளைஞன். தடியை எங்கேயோ போட்டுவிட்டான். அரசன் உதிர்த்த வயதை எல்லாம் எடுத்து விழுங்கிக்கொண்டிருந்தவன் அவன்தான். முந்நூறு வருடமாக அதுதான் அவனுக்குப் பிழைப்பு. மிச்சம் ஒரே ஒரு மணி. அதுவும் உதிர்ந்தால் அரசன் பேச்சு வராத கைக்குழந்தை. அப்புறம் எந்தக் காலத்திலும் திரும்பி வர முடியாது.

இது இப்படி இருக்க, நாம் ஏரிக்கரைக்குப் போவோம்.

கொன்றைநாட்டின் மேற்கே கடல் மாதிரி ஒரு ஏரி. பூதங்காத்த ஏரி என்று பெயர். அதன் கரையைப் பார்த்துக்கொள்கிற வேலை சிலம்பாயிக்கு. முப்பது வயது. ஒரு மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு தினமும் கரைநெடுக நடப்பாள். நண்டுவளை இருந்தால் அடைப்பாள், கரை சரிந்த இடத்தில் மண் போட ஆள் கூப்பிடுவாள். கரைக்கு நேர் கீழே ஏழு ஊர். அதில் முதல் ஊர்தான் அவளுடையது. வீட்டில் கணவன், நான்கு வயது மகள் தேனு.

ஐப்பசி அடைமழை. போதும் என்றதும் ஓய்கிற மழை அந்த வருடம் மட்டும் ஓயவில்லை. ஏரி தளும்பி நிற்கிறது. ஒருநாள் காலையில் கரையின் அடிவாரத்தில் தண்ணீர் கசிவதைப் பார்த்தாள் சிலம்பாயி. கசிவு புதிதல்ல, எல்லா ஏரிக்கும் கசியும். கசிகிற தண்ணீர் தெளிவாக இருந்தால் பயமில்லை. இது கலங்கி வந்தது. அப்படியென்றால் கரை உள்ளுக்குள்ளேயே கரைகிறது என்று அர்த்தம். கையில் ஏந்திப் பார்த்தாள். உள்ளங்கையில் செம்மண் தங்கியது. வானத்தைப் பார்த்தாள், தண்ணீர் மட்டத்தைப் பார்த்தாள். மூன்று நாள், அதற்கு மேல் தாங்காது.

பெரிய மதகைத் திறந்துவிட்டால் கரை பிழைக்கும். ஆனால் அந்தத் தண்ணீர் கிழக்கே மூன்று ஊர் வயலில் ஏறும். வீடெல்லாம் மேட்டில் இருக்கிறது, ஆளுக்குச் சேதமில்லை. கதிர்விடப் போகிற நெல் மொத்தமும் போகும். சிலம்பாயியின் சொந்த வயலும் அங்கேதான் இருந்தது. திறக்காவிட்டால் ஏழு ஊரும் போகும்.

வீட்டுக்கு வந்தாள். முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று கணவன் கேட்டான். "ஒண்ணுமில்லை" என்றாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடு என்று சொல்லியிருக்க வேண்டியவள்தான். சொல்லவில்லையே! கெட்ட செய்தி அரசன் காதுக்கு மட்டும் என்று பால்குடி நாளிலிருந்து பழகிய வாய் அது. கொன்றைநாட்டுக்காரர்களால் மட்டுமே செய்ய முடிகிற தப்பு.

முதல் நாள் அரண்மனைக்குப் போனாள். கெட்ட செய்தி என்றதுமே மந்திரி முகம் வெளிறிவிட்டது. அரசர் நோன்பில் இருக்கிறார், அடுத்த அமாவாசைக்கு வா என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவருக்கு அவர் பயம். ஒரு நாள் போயிற்று.

இரண்டாம் நாள் நேராகப் பெரிய மதகுக்கே போனாள். மதகுக் கல்லுக்கு அடியில் ஒரு பூதம் குடியிருந்தது. மதகைத் திறக்கவும் மூடவும் அதனால்தான் முடியும். அவள் கழியால் மூன்று தடவை தட்டினாள். தண்ணீருக்குள்ளிருந்து, அண்டாவுக்குள் பேசுகிற மாதிரி ஒரு குரல் வந்தது.

"திறக்கிறேன். யார் பொறுப்பு?"

சிலம்பாயி கரை இருக்கிற நிலையைச் சொன்னாள். பூதம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டது. கேட்டு முடித்து மறுபடியும், "திறக்கிறேன். யார் பொறுப்பு?" என்றது.

"என் வயலும் அங்கதான் இருக்கு. என் பொறுப்புன்னே வச்சுக்க" என்றாள்.

பூதம் பெருமூச்சுவிட்டது. ஏரியில் அலை எழும்பி அடங்கியது. "எத்தனையோ நூறு வருடமாக இங்கே வருகிறவர்களிடம் எல்லாம் இதே கேள்வியைக் கேட்கிறேன். ஒருவன் மேலதிகாரி பொறுப்பு என்றான். ஒருவன் மழையின் பொறுப்பு என்றான். என் பொறுப்பு என்று சொன்னவள் நீ ஒருத்திதான். ஆனால் உன் வயலுக்குத்தான் நீ சொல்ல முடியும், தாயே. ஊரார் வயலுக்கு அரசன் வந்து சொல்ல வேண்டும். முதல் அரசனுக்கு நான் கொடுத்த வாக்கு அது."

இரண்டு நாள் போயிற்று.

மூன்றாம் நாள் பொழுது விடிந்ததும் விடியாததுமாக அடுக்களை வாசலில் போய் நின்றாள் சிலம்பாயி. உலகாத்தாளின் கையைப் பிடித்துக்கொண்டு, அரசரை ஒரே ஒரு தடவை பார்த்தால் போதும் என்று கேட்டாள். அரசனையும் அவன் தம்பியையும் கைக்குழந்தையிலிருந்து சோறூட்டி வளர்த்தவள் உலகாத்தாள். உண்மை எதுவும் அவளுக்குத் தெரியாது. அரசனுக்கு என்னமோ ஆகிவிட்டது என்பது மட்டும்தான் தெரியும். "தம்பி கப்பல் திரும்பினா சரியாப் போயிடுவான், அண்ணனும் தம்பியும் அப்படி ஒட்டு" என்று சொல்லிக்கொண்டே, ஒரு கிண்ணம் பால்சோற்றை அவள் கையில் கொடுத்து, மண்டபத்துக் கதவைத் திறந்துவிட்டாள்.

உள்ளே இருட்டாக இருந்தது. சிம்மாசனத்துக்கு அடியில் பட்டுவேட்டியின் நுனி தெரிந்தது. சிலம்பாயி கும்பிடு போட்டாள். பிறகு, கும்பிட்டால் அவனுக்குத் தெரியாது என்று நினைத்து, அவளும் தரையில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பார்த்தாள். அடியிலிருந்து இரண்டு கண்ணும் ஒரு மீசையும் அவளைப் பார்த்தன.

"நீ கெட்ட செய்தி கொண்டு வந்திருக்கியா?"

"ஆமா ராசா."

"சொல்லாதே."

"சரி, இப்போ சொல்லல" என்றாள்.

இதுவரை வந்தவர்களில் யாரும் அவனிடம் ஆமாம் என்றும் சொன்னதில்லை, சரி என்றும் சொன்னதில்லை. அரசன் கொஞ்சம் முன்னால் நகர்ந்துவந்தான். இடுப்பில் ஒற்றை மணி கிணுகிணுத்தது. கரை அங்கே கரைகிறது, மகள் அங்கே கரைக்குக் கீழே விளையாடிக்கொண்டிருக்கிறாள், இங்கே சிலம்பாயி ஒரு அரசனுக்குப் பால்சோறு ஊட்டிக்கொண்டிருக்கிறாள். இருந்தாலும் அவசரப்படவில்லை. வீட்டிலும் ஒன்று இருக்கிறதே, அவசரப்பட்டால் அந்த வயசு எப்படிப் பிடிவாதம் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

நான்கு வாய் சாப்பிட்டதும் அவனே பேசினான். அரைஞாணைப் பற்றிச் சொன்னான், தாடிக்காரனைப் பற்றிச் சொன்னான், மணி மூன்று உதிர்ந்ததைச் சொன்னான். ஒரு செய்தியைப் பற்றி மட்டும் வாயெடுத்தான், சொல்லாமல் நிறுத்திக்கொண்டான். சொன்னால் நாடு கடத்திவிடுவார்களாம்.

"ராசாவையுமா கடத்துவாங்க?" என்று கேட்டாள் சிலம்பாயி.

அரசன் யோசித்தான். அவனுக்கும் அது தெரியவில்லை.

"அந்த அரைஞாணைக் கழட்டிப் போட்டுட்டா என்ன?"

"கழட்ட மாட்டேன். பெரியவனா இருந்தா எல்லாம் என்மேலயே விழுது, அக்கா. நான் ஒருத்தன்தான் இருக்கேன். சின்னவனா இருந்தா விழாது."

மூன்று நாளாகச் சிலம்பாயியும் ஒரே ஒரு செய்தியை வைத்துக்கொண்டு படாத பாடு பட்டிருந்தாள். இவன் பதினைந்து வருடம் சுமந்திருக்கிறான். அந்தக் கணத்தில்தான் அவளுக்கு ஒன்று பிடிபட்டது. அது பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை, அவள் தினமும் செய்கிற வேலைதான்.

"கரையில மண் போடறப்போ, ஒரே ஆள் குழியிலேருந்து கரை உச்சிவரைக்கும் கூடை தூக்க மாட்டான், ராசா. தூக்கினா பத்தாவது கூடையில இடுப்பு போயிடும். அதனால வரிசையா நிப்போம். இவன் அவன்கிட்ட கொடுப்பான், அவன் அடுத்தவன்கிட்ட கொடுப்பான்."

"கூடை கனமா இருக்காதா?"

"கனமாத்தான் இருக்கும். ஒவ்வொருத்தருக்கும் ஒரு எட்டு தூரம்தான் கனக்கும்."

சொல்லிவிட்டு எழுந்தாள். பதினைந்து தலைமுறையாக மூடியே வைத்திருந்த அந்தக் கதவை விரியத் திறந்தாள். எல்லாரும் வாருங்கள், கெட்ட செய்தி இருக்கிறது என்று அரண்மனை கேட்கச் சத்தம் போட்டாள்.

மந்திரி ஓடிவந்தார், தளபதி ஓடிவந்தார், உலகாத்தாள் கரண்டியோடு ஓடிவந்தாள். எல்லாருக்கும் முன்னால் தூமகேசன் வந்தான். எப்போதும் புன்சிரிப்போடு இருக்கிற அந்த முகம் இப்போது கோணிக்கொண்டிருந்தது. வழக்கத்தை மீறுகிறாள், வாயை அடையுங்கள், இப்போதே நாடு கடத்துங்கள் என்று குதித்தான். ஒரு அயலான் நம் வழக்கத்துக்காக ஏன் இத்தனை குதிக்கிறான் என்று அப்போதுதான் மந்திரிக்கே முதல்முதலாகச் சந்தேகம் வந்தது.

"கடத்துங்க. சொல்லிட்டுப் போறேன்" என்றாள் சிலம்பாயி.

சொன்னாள். கரை கரைகிறது என்றாள். இன்று பொழுது சாய்வதற்குள் மதகு திறக்காவிட்டால் ஏழு ஊர் போகும், திறந்தால் மூன்று ஊர் நெல் போகும் என்றாள். ஒளிக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை. சிம்மாசனத்துக்கு அடியில் அந்த மணி நடுங்கியது. எல்லாருக்கும் கேட்டது. நடுங்கியதே தவிர, உதிரவில்லை.

"இது ஒரு ஆள் தூக்கற கூடை இல்லை. யார் எதைப் பிடிக்கிறீங்க?" என்று கேட்டாள்.

முதலில் தளபதிதான் முன்னால் வந்தார். மண் போட ஆயிரம் வீரர்களை நான் கொண்டுவருகிறேன் என்றார். அத்தனை பேருக்கும் கஞ்சி காய்ச்சுவது என் பாடு என்றாள் உலகாத்தாள். எல்லாரும் மந்திரியைப் பார்த்தார்கள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நெல்லை இழந்த ஊர்களுக்கு அடுத்த அறுப்புவரை அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து நெல் போகும், அந்த ஊர்க்காரர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்கிற வேலையையும் நானே செய்கிறேன் என்றார். வாழ்நாளில் அவர் கேட்டு வாங்கிக்கொண்ட முதல் கெட்ட வேலை அது.

அப்போது சிம்மாசனத்துக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"என்கிட்டயும் ஒண்ணு இருக்கு."

சொல்லாதே அரசே, எல்லாம் மேலே விழுந்து நசுக்கிவிடும் என்று தூமகேசன் கத்தினான். தளபதி அவன் தோளில் கையை வைத்து அழுத்தினார்.

"சொல்லு ராசா, நாங்க எல்லாரும் இருக்கோம்" என்றாள் சிலம்பாயி.

"வேளு வர மாட்டான். கப்பல் தண்ணிக்குள்ள போயிடுச்சு. ஆடி மாசமே போயிடுச்சு. எனக்கு மட்டும்தான் தெரியும்."

உலகாத்தாள் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். சத்தமே வரவில்லை, கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் வழிந்தது. அப்புறம் "என் புள்ளை" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள்.

தம்பிக்காக இன்னொருவர் அழுவதை ஆழிமாறன் அன்றுதான் பார்த்தான். அவன் சிம்மாசனத்துக்கு அடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்தான். உலகாத்தாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். மேல்துண்டால் அவள் முகத்தைத் துடைத்தான். துடைக்கத் துடைக்க அவன் முகமும் நனைந்தது. ஐந்து வயதில் ஆரம்பித்த அழுகை அது. பத்து வயதுப் பிள்ளையின் அழுகையாகி, இருபது வயதுக்காரனின் அழுகையாகி, கடைசியில் தம்பியைப் பறிகொடுத்த நாற்பத்திரண்டு வயது மனிதனின் அழுகையாக வந்து நின்றது. அவன் கை தானாகவே இடுப்புக்குப் போயிற்று. அரைஞாணை அவிழ்த்துத் தரையில் வைத்தான்.

கறுத்திருந்த தாடி வெளுத்தது. நிமிர்ந்திருந்த முதுகு வளைந்தது. முந்நூறு வருடமும் தூமகேசன் மேல் ஒன்றாக வந்து இறங்கியது. தளபதியின் கைக்கு அடியில் ஒரு காவித் துணியும் ஒரு பிடி புழுதியும்தான் மிஞ்சின. எனக்கு அவன்மேல் இரக்கம் வரவில்லை. உங்களுக்கு வந்தால் அது உங்கள் நல்ல மனசு.

"மிச்சம் என்ன கூடை இருக்கிறது?" என்று கேட்டான் ஆழிமாறன். பழைய கணீர்க் குரல் திரும்பியிருந்தது, கொஞ்சம் கம்மியிருந்தது, அவ்வளவுதான்.

ஒன்றே ஒன்றுதான் மிச்சம் என்று சிலம்பாயி பூதத்தைப் பற்றிச் சொன்னாள்.

குதிரைகள் பறந்தன. உச்சிப்பொழுது தாண்டி, கொட்டுகிற மழையில் அரசன் பெரிய மதகின் மேல் நின்று மூன்று தடவை தட்டினான்.

"திறக்கிறேன். யார் பொறுப்பு?"

கிழக்கே பச்சைப்பசேலென்று மூன்று ஊர் நெல் ஆடிக்கொண்டிருந்தது. அரசன் அதைப் பார்த்தான். முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் நன்றாகவே பார்த்தான். இரண்டு பக்கமும் தளபதியும் மந்திரியும் நின்றார்கள், பின்னால் ஒரு எட்டில் சிலம்பாயி நின்றாள்.

"என் பொறுப்பு" என்றான்.

"அப்பாடா" என்றது பூதம். மதகு திறந்தது.

இரண்டு நாள் தண்ணீர் கிழக்கே பாய்ந்தது. நெல் போயிற்று, சிலம்பாயியின் நெல்லும் போயிற்று. கரையில் ஆயிரம் வீரரும் ஏழு ஊர் சனமும் வரிசைகட்டி நின்று மண்கூடையைக் கைமாற்றினார்கள். வரிசையில் நடுவாக அரசனும் நின்றான். எங்கே மண் போட வேண்டும், எங்கே மூங்கில் அடிக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் எல்லாரும் சிலம்பாயியைத்தான் கேட்டார்கள். அவள் கரைக்கும் குழிக்குமாக ஓடிக்கொண்டே இருந்தாள், உட்காரவே இல்லை. மூன்றாம் நாள் காலையில் கசிவைக் கையில் ஏந்திப் பார்த்தாள். தண்ணீர் தெளிந்திருந்தது. "கரை நின்னுடுச்சு" என்றாள். கரைநெடுக ஆரவாரம் எழுந்தது.

அரசன் அவளைத் தேடிக்கொண்டு வந்தான். ஒற்றைச்செவி மண்டபத்தை இடித்துவிடச் சொல்லியாகிவிட்டது, இனி நல்லதோ கெட்டதோ எல்லாவற்றுக்கும் முரசுதான் என்று அவளிடம் சொல்ல வேண்டும். மேட்டில் நல்ல நிலமாக ஒரு வேலி அளவுக்குக் கொடுக்கலாம் என்று மந்திரி சொல்லியிருந்தார், அதையும் சொல்ல வேண்டும்.

சிலம்பாயி கரைச்சரிவில் சேற்றிலேயே உட்கார்ந்திருந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டிருந்தாள். எதிரே உலகாத்தாள் அனுப்பிய கஞ்சி ஆறிப்போய்க் கிடந்தது. அரசன் நிலத்தைப் பற்றிச் சொன்னான். அவள் காதில் ஏறவில்லை.

"அம்மாகிட்ட போகணும்" என்றாள். அவள் அம்மா போய்ச் சேர்ந்து எட்டு வருடம். உதடு பிதுங்கியது. "எனக்குக் கை வலிக்குது. நீயே ஊட்டிவிடு."

இடுப்பில் அரைஞாணும் இல்லை, மணியும் இல்லை. எந்த மாயாவியும் அந்தப் பக்கம் வரவில்லை.

கூடவே வந்திருந்த மந்திரி பதறிப்போய் அரசனைப் பார்த்தார். அரசன் பதறவில்லை. சேற்றில் அவளுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு, கஞ்சியை அகப்பையில் அள்ளி, அவள் வாய்க்கு நேரே கொண்டுபோனான். அவள் வாங்கிக்கொண்டாள். அடுத்ததற்கு வாயைத் திறந்தாள்.

தேனு கரைமேல் ஓடிவந்தவள் இதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். அம்மாவை அவள் இப்படிப் பார்த்ததே இல்லை.

"அம்மா ஏன் பாப்பா மாதிரி இருக்காங்க?" என்று கேட்டாள்.

"ரொம்ப நாளா ரொம்பப் பெரியவங்களா இருந்துட்டாங்க, கண்ணு. அதான்" என்றான் ஆழிமாறன். "கொஞ்ச நேரம் நீயும் நானும் பெரியவங்களா இருப்போமா?"

தேனு யோசித்துப் பார்த்தாள். பெரிய பொறுப்புத்தான். தலையை ஆட்டிவிட்டு, அம்மாவுக்கு அந்தப் பக்கமாக வந்து உட்கார்ந்தாள். நெற்றியில் ஒட்டியிருந்த அம்மாவின் முடியைப் பிஞ்சுவிரலால் ஒதுக்கிவிட்டாள். சிலம்பாயி மகளின் மடியில் தலையை வைத்து, கால்களைச் சுருட்டிக்கொண்டு தூங்கிப்போனாள். நாட்டின் அரசனும் நான்கு வயதுப் பெண்ணும், அவள் விழிக்கிறவரை, அங்கேயே காவல் இருந்தார்கள்.

ஏரி நிறைந்தது, கரை நின்றது, கதையும் இத்தோடு நின்றது. கேட்டவர்கள் எல்லாரும் போய்ச் சாப்பிடுங்கள்.